கிராக்கோவின் யூதப் பண்பாட்டு விழா: யூதரல்லாத ஒருவர் எப்படிப் பார்ப்பது?

வேலை நிமித்தமாகப் போலந்தின் கிராக்கோவ் நகருக்கு அண்மையில் குடிபெயர்ந்த நண்பர் ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருந்தார். கோடையில் காஜிமியேஷ் பகுதியில் நடக்கும் யூதப் பண்பாட்டு விழாவுக்கு யூதரல்லாத தன்னைப் போன்றவர் போவது முறையா? யூதர்களைப் பற்றி 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்துக்கு மேல் எதுவும் அறியாதவருக்கு அங்கே ஏதாவது விளங்குமா? ஒரு வார இறுதி மட்டுமே கையில் இருந்தால் திரைப்படம், இசை, பயிலரங்கு ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

முதல் கேள்விக்குத் தயக்கமின்றிப் 'போகலாம்' என்று சொல்லிவிடலாம். 1988இல் இந்த விழாவைத் தொடங்கிய யானுஷ் மாகுஹ், கிஷிஷ்டோஃப் கியெராட் இருவருமே யூதர்கள் அல்லர். பார்வையாளர்களில் பெரும்பாலோரும் யூதரல்லாத போலந்துக்காரர்களே. உங்களை அங்கே யாரும் அந்நியராகப் பார்க்கப் போவதில்லை. ஆனால் யூதர்களின் பண்பாட்டைக் கொண்டாடும் விழாவை யூதரல்லாதவர்கள் தொடங்கி, யூதரல்லாதவர்களே பெருந்திரளாக வந்து பார்க்கும் நிலை ஏன் ஏற்பட்டது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்தால், காதுக்கு இனிய இசையும் கண்ணுக்கு அழகான பழைய தெருக்களும் மட்டுமே மிஞ்சும். ஆகவே இரண்டாவது கேள்விக்குத்தான் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

காஜிமியேஷ் இன்று கிராக்கோவின் ஒரு பகுதி; 1335இல் மன்னர் மூன்றாம் காஜிமியேஷ் அதை நிறுவியபோது அது தனி நகரம். 1494ஆம் ஆண்டின் தீ விபத்தைத் தொடர்ந்து, மறு ஆண்டு மன்னர் யான் ஓல்பிராஹ்த் கிராக்கோவின் யூதர்களை இங்கே குடியேறச் செய்தார். அதன் பிறகு ஏறத்தாழ நாலரை நூற்றாண்டுகள் இந்தச் சிறிய நிலப்பரப்பு ஐரோப்பிய யூத அறிவுலகின் முக்கிய மையங்களில் ஒன்றாக விளங்கியது. ஷெரோக்கா தெருவில் இருக்கும் ரெமு தொழுகைக்கூடத்தின் பெயர், 1572இல் மறைந்த ரபி (யூத மதகுரு) மோசே இஸர்லெஸ் என்பவரைக் குறிப்பது. யூதச் சமயச் சட்டத் தொகுப்புக்கு அவர் எழுதிச் சேர்த்த குறிப்புகளை இன்றும் மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்கள் உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். அதே தெருவின் கோடியில் இருக்கும் பழைய தொழுகைக்கூடம் போலந்தில் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழமையானது; இப்போது அது நகர அருங்காட்சியகத்தின் ஒரு கிளை.

இரண்டாம் உலகப் போருக்கு முன் கிராக்கோவில் 60,000க்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்தார்கள். நகர மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் யூதர். 1941 மார்ச்சில் நாஜிகள் விஸ்துலா ஆற்றின் மறுகரையில் போட்கூஜே பகுதியில் யூதர்களை அடைத்துவைப்பதற்கான கெட்டோவை அமைத்து, சுமார் 3,000 பேர் வாழ்ந்த இடத்தில் 15,000 பேருக்கு மேல் அடைத்தார்கள். 1942 ஜூனிலும் அக்டோபரிலும் ஆயிரக்கணக்கானோர் பெவுஜெட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். 1943 மார்ச் 13, 14 ஆகிய இரு நாட்களில் கெட்டோ முற்றாக அழிக்கப்பட்டது. போர் முடிந்த பிறகும் கொடுமை ஓயவில்லை. 1945 ஆகஸ்டில் கிராக்கோவிலேயே யூதர்கள் மீது வன்முறை நடந்தது. 1946 ஜூலை 4 அன்று கியெல்ட்ஸெ நகரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1968இல் கம்யூனிஸ்ட் அரசே யூத எதிர்ப்புப் பிரசாரத்தை முடுக்கிவிட்டு, உயிர்தப்பி எஞ்சியிருந்தவர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை நாட்டைவிட்டு வெளியேற வைத்தது. விழாவை நடத்தவும் பார்க்கவும் யூதர்கள் ஏன் சிலராகவும் மற்றவர்கள் ஏன் பலராகவும் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை இந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது.

தன் தொழிற்சாலையில் வேலை கொடுத்து யூதர்களைக் காப்பாற்றிய ஷிண்ட்லரைப் பற்றி நீங்கள் குறிப்பிட்ட படத்தைக் குறித்து இங்கே ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் அது பார்வையாளர்களைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. 1993இல் அந்தப் படம் எடுக்கப்பட்டபோது, உண்மையான கெட்டோ இருந்த போட்கூஜேயில் புதிய கட்டடங்கள் பல வந்துவிட்டிருந்தன. பாழடைந்து பழமை மாறாமல் கிடந்த காஜிமியேஷோ படப்பிடிப்புக்கு வசதியாக இருந்தது. ஆகவே கெட்டோ காட்சிகளில் பெரும்பகுதி ஆற்றின் இந்தக் கரையில் படமாக்கப்பட்டது. யூஸெஃபா தெருவில் படத்தில் வரும் முற்றத்துக்குள் நின்று படமெடுத்துக்கொள்ளும் பயணிகள் பலர், கெட்டோ அங்கேதான் இருந்தது என்று நம்பியபடியே ஊர் திரும்புகிறார்கள். நாஜிகளின் புவாஷூவ் வதைமுகாமும் படத்தில் அப்படியே. அருகிலுள்ள லீபான் கல்குவாரியில் அரங்கம் போட்டுத்தான் எடுத்தார்கள். அந்தப் படத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. காஜிமியேஷ் மீது உலகின் கவனம் திரும்பியதிலும் பழைய வீடுகள் புதுப்பிக்கப்பட்டதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் விழாவுக்குப் போவதற்கு முன் அரை நாள் ஒதுக்கி, காஜிமியேஷில் தொடங்கி, பெர்னாட்டெக் நடைபாலம் வழியாக ஆற்றைக் கடந்து போட்கூஜேக்கு நடந்துவிடுங்கள். கெட்டோ வீரர்கள் சதுக்கத்தில் வெறுமையாக நிறுத்தப்பட்டிருக்கும் பெரிய உலோக நாற்காலிகள், அதன் ஓரத்தில் ததேயுஷ் பான்கியெவிச் என்ற போலந்து மருந்தாளர் கெட்டோவுக்குள்ளேயே நடத்திவந்த 'கழுகு மருந்தகம்', அங்கிருந்து சற்றுத் தொலைவில் லிபோவா தெருவில் 2010இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட ஷிண்ட்லர் தொழிற்சாலை ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டால், வாழ்ந்த இடம் எது, அடைக்கப்பட்ட இடம் எது என்ற வேறுபாடு மனத்தில் பதிந்துவிடும். விழா நடப்பது வாழ்ந்த இடத்தில்.

1988இல் கம்யூனிஸ்ட் ஆட்சி இன்னும் வீழ்ந்திருக்கவில்லை. ஓரளவு சுதந்திரமான முதல் தேர்தலே 1989 ஜூனில்தான் நடந்தது. யூதர்களைப் பற்றிப் பொதுவெளியில் பேசுவதே அரிதாக இருந்த அந்தச் சூழலில் விழா மிகச் சிறிய அளவில் தொடங்கி, 1994 வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்து, பின்னர் ஆண்டு விழாவாக மாறியது. தொடங்கிய இருவரில் கியெராட் திரைப்படத் துறையைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் கிராக்கோவ் திரைப்பட விழாவைப் பல ஆண்டுகள் இயக்கியவர். ஜூன் இறுதியிலோ ஜூலை தொடக்கத்திலோ நடக்கும் இவ்விழா சில ஆண்டுகளில் ஒன்பது, பத்து நாட்கள் நீண்டிருக்கிறது. சில ஆண்டுகளில் ஒரு வாரத்துக்கும் குறைவாக முடிந்திருக்கிறது. ஆகவே போன ஆண்டு எப்படி நடந்தது என்று நண்பர்கள் சொல்வதை நம்பாமல் அந்தந்த ஆண்டின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துத் திட்டமிடுவதே நல்லது.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி. என் கருத்தில், புதியவர் திரைப்படத்தில் தொடங்குவதே சரி. இசை நேரடியாக மனத்தைத் தொட்டுவிடும். ஆனால் அது எந்த வாழ்விலிருந்து வந்தது என்பதைத் தானே சொல்லாது. திரைப்படம் சொல்லும். கிராக்கோவில் மட்டுமல்லாமல், உலகின் எந்த யூதத் திரைப்பட விழாவுக்குப் போனாலும் மூன்று வகைப் படங்கள் உங்கள் கண்ணில் படும். அவற்றைப் பார்க்கும் முறையும் வேறு வேறு.

முதலாவது, போருக்கு முன் போலந்தில் யித்திஷ் மொழியில் எடுக்கப்பட்ட படங்கள். யித்திஷ் என்பது ஜெர்மானிய அடிப்படையில் எபிரேய, ஸ்லாவியச் சொற்கள் கலந்து வளர்ந்து, எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட மொழி. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டுமொழி. 1937இல் மிஹாவ் வாஷின்ஸ்கி இயக்கிய 'தி திப்புக்' இவ்வகையின் உச்சம். பிறக்கப்போகும் தம் பிள்ளைகளுக்கு மணம் முடிப்பதாக இரண்டு நண்பர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். பின்னாளில் பெண்ணின் தந்தை செல்வந்த வரன் தேடி வாக்கை மீற, உயிர்விட்ட இளைஞனின் ஆவி மணப்பெண்ணின் உடலில் புகுந்துகொள்கிறது. இந்தக் கதை வெறும் கற்பனையில் பிறந்ததன்று. படத்துக்கு மூலமான நாடகத்தை எழுதிய அன்ஸ்கி, முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர் இன்றைய உக்ரைன் பகுதியின் யூதச் சிற்றூர்களில் அலைந்து, அங்கு வழங்கிய கதைகளையும் பாடல்களையும் நம்பிக்கைகளையும் திரட்டியவர். ஆகவே படத்தின் திருமணச் சடங்கு, தொழுகைக்கூடத்து வழிபாடு, ரபியின் முன் மக்கள் முறையிடும் காட்சி ஆகியவை ஒரு சமூகம் தன்னைத் தானே பதிவுசெய்துகொண்டதற்கு ஒப்பானவை. மணநாளில் ஏழைகளோடு மணப்பெண் ஆடும் ஆட்டம், மரணத்தின் ஆட்டமாக மாறும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். படத்தின் நடை இன்றைய கண்ணுக்கு மெதுவாகத் தோன்றும். முதல் இருபது நிமிடங்களைப் பொறுத்துக்கொண்டால் அந்த மெதுவான நடையே படத்தின் பிடிப்பு என்பது தெரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிரானது, அதற்கு முந்தைய ஆண்டில் ஜோசஃப் கிரீன் எடுத்த 'யிதில் மிட்ன் ஃபிதில்' என்ற இசை நகைச்சுவைப் படம். வறுமையால் ஊர் ஊராகப் போகும் இசைக்குழுவில் ஆண்வேடமிட்டுச் சேரும் வயலின் பெண்ணாக, நியூயார்க்கிலிருந்து வந்த மாலி பிகன் நடித்தார். அதன் வெளிப்புறக் காட்சிகள் காஜிமியேஷ் தோல்னி என்ற ஊரில் எடுக்கப்பட்டவை. அது லுப்ளினுக்குப் பக்கத்தில் விஸ்துலா கரையில் உள்ள வேறு ஊர். பெயரைப் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்வோர் உண்டு. துயரமே யூதக் கலை என்ற எண்ணத்தோடு வருபவர்களுக்கு இந்தப் படத்தைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன்.

இரண்டாவது வகை, அழிந்த உலகைத் தேடிச் செல்லும் ஆவணப்படங்கள். யோலாந்தா திலெவ்ஸ்கா 2008இல் எடுத்த 'போ-லின்' இவ்வகையில் தனித்து நிற்பது. போருக்கு முன் அமெரிக்காவிலிருந்து சொந்த ஊருக்கு வந்த யூதர்கள் கையோடு கொண்டுவந்த படக்கருவியால் எடுத்த வீட்டுப் படச்சுருள்களே அதன் மூலப்பொருள். கருவியை முதன்முறையாகக் கண்ட சிறுவர்களும் பெரியவர்களும் முண்டியடித்துக்கொண்டு அதன் முன் வந்து நிற்கிறார்கள், சிரிக்கிறார்கள், பிறகு ஓடிவிடுகிறார்கள். பிணக்குவியல் காட்சி எதுவும் தேவைப்படாமலே அழிவின் அளவு அதில் விளங்கிவிடுகிறது. முகாம்களைப் பற்றிய படங்களை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள், கொல்லப்பட்டவர்களை அவர்கள் இறந்த விதத்தால் மட்டுமே அறிந்திருக்கிறார்கள் என்ற குறை எனக்கு எப்போதும் உண்டு. அந்தக் குறைக்கு இத்தகைய படங்களே மருந்து.

மூன்றாவது, இன்றைய இயக்குநர்களின் கதைப்படங்கள். 2013இல் வெளிவந்து, 2015இல் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் போலந்துக்கு முதன்முறையாகப் பெற்றுத்தந்த 'ஈடா'வை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னிமடத்தில் வளர்ந்த இளம்பெண், துறவு ஏற்பதற்குச் சற்று முன் தான் யூதப் பெண் என்பதை அறிந்து, தன் பெற்றோருக்கு என்ன நேர்ந்தது என்று தேடிப் போகிறாள். கொன்றவர்கள் ஜெர்மானியர்கள் அல்லர், அண்டை அயலார். இதை வெளிப்படையாகச் சொன்னதற்காகப் படத்தைப் போலந்தில் ஒரு சாரார் கடுமையாக எதிர்த்தார்கள். இத்தகைய படம் திரையிடப்பட்டால் பிறகு நடக்கும் கலந்துரையாடலைத் தவறவிடாதீர்கள். போலந்துக்காரர்கள் தங்களுக்குள் நடத்தும் வாக்குவாதத்தை இவ்வளவு பக்கத்தில் கேட்கும் வாய்ப்பு, அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தாலும் கிடைக்காது. மொழிதான் தடை, போலிஷ் தெரிந்த ஒருவரை அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

இசைக்கு வருவோம். விழாவின் பெயரைக் கேட்டதும் எல்லோரும் சொல்வது கிளெஸ்மர் இசை. கிழக்கு ஐரோப்பிய யூதத் திருமணங்களில் வாசித்த தொழில்முறைக் கலைஞர்களின் இசை அது. நம் ஊர்த் திருமணத்தில் நாகசுரமும் தவிலும் சடங்கின் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரியதை வாசிப்பது போல, மணப்பெண்ணை அமர வைப்பதற்கு, விருந்தினரை வரவேற்பதற்கு, விடியலில் வழியனுப்புவதற்கு என்று தனித்தனி மெட்டுகள் அவர்களிடம் இருந்தன. வயலினும் கிளாரினெட்டும் முதன்மைக் கருவிகள். விம்மலைப் போல ஒலிக்கும் ஒரு நுண்ணசைவுதான் அதன் முத்திரை. போலந்தில் இந்த மரபு கிட்டத்தட்ட அறுந்துபோனது. அதைத் தன் ஆயுளில் தாங்கி வந்தவர்களில் ஒருவரான லியோபோல்ட் கோஸ்வோவ்ஸ்கி, கலீசியாவின் (இன்றைய தெற்குப் போலந்தும் மேற்கு உக்ரைனும் அடங்கிய பழைய நிலப்பகுதி) கடைசிக் கிளெஸ்மர் கலைஞர் என்று அழைக்கப்பட்டவர், கிராக்கோவில் வாழ்ந்து 2019இல் நூறு வயதில் மறைந்தார். மறுபக்கம், 1970களில் அமெரிக்க இளைஞர்கள் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு இந்த இசையை மீட்டெடுத்து ஜாஸோடு கலந்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த குழுக்கள் கிராக்கோவ் மேடைக்கு அதைத் திரும்பக் கொண்டுவந்தன. 1992இல் இந்நகரின் இசைக் கல்லூரியில் பயின்ற மூவர் தொடங்கிய 'குரோக்கெ' குழு, கிராக்கோவின் யித்திஷ் பெயரையே தன் பெயராகக் கொண்டது. விடுதிகளில் பயணிகளுக்காக வாசிக்கப்படும் இனிப்பான கிளெஸ்மருக்கும், விழா மேடையில் மரபை உடைத்துப் பார்க்கும் கலைஞர்களுக்கும் தூரம் அதிகம்; இரண்டாவதற்கே பணம் கொடுங்கள்.

கூடவே ஒரு கவிஞரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மோர்தெகாய் கெபிர்டிக், 1877இல் கிராக்கோவில் பிறந்தவர், தொழிலால் தச்சர். இசைக் கல்வி ஏதும் இல்லாமல், காஜிமியேஷின் ஏழை வீடுகளைப் பற்றி யித்திஷில் அவர் கட்டிய பாடல்கள் உலகெங்கும் பரவின. 1938இல், பிஷிதிக் என்ற ஊரில் நடந்த வன்முறையை நினைந்து, நம் ஊர் எரிகிறது, நீங்கள் கைகட்டி நிற்கிறீர்கள் என்று கதறும் பாடலை எழுதினார். 1942 ஜூன் 4 அன்று கெட்டோத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பாடல்கள் நிகழ்ச்சி நிரலில் இருந்தால் அந்த நிகழ்ச்சியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

1862இல் கட்டி முடிக்கப்பட்ட தெம்பெல் தொழுகைக்கூடத்தின் கச்சேரிகளும் தவறவிடக் கூடாதவை. பொன்வேலைப்பாடும் வண்ணக் கண்ணாடியும் நிறைந்த அந்தக் கூடத்தைப் போர்க்காலத்தில் நாஜிகள் கிடங்காகப் பயன்படுத்தினார்கள். அங்கே வழிபாட்டுப் பாடகர்கள் குரலெடுத்துப் பாடும்போது அது கச்சேரியா வழிபாடா என்ற ஐயம் வருவது இயல்பு. விழாவில் அது கச்சேரிதான், கைதட்டலாம்.

இவ்விழாவின் மீது ஒரு விமரிசனம் நெடுநாளாக உண்டு. யூதர்கள் இல்லாத இடத்தில் யூதப் பண்பாடு நடித்துக் காட்டப்படுகிறது, அதைப் பார்த்துப் போலந்துக்காரர்கள் தங்கள் மனத்தை எளிதாக ஆற்றிக்கொள்கிறார்கள் என்பது அதன் சாரம். அமெரிக்கப் பத்திரிகையாளர் ரூத் எலன் குரூபர் 2002இல் இந்நிலையை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். விமரிசனத்தில் நியாயம் இருக்கிறது. காஜிமியேஷ் கடைகளில் நாணயம் பிடித்த யூதர் பொம்மைகள் செல்வம் தரும் என்று விற்கப்படுவதைக் காணும் எவருக்கும் அது புரியும். ஆனால் அந்தப் பொம்மையையும் விழாவையும் ஒரே தட்டில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. விழா யித்திஷ் கற்பிக்கிறது, எபிரேய எழுத்துக்கலை கற்பிக்கிறது, வெளிநாடுகளிலிருந்து யூதக் கலைஞர்களையும் அறிஞர்களையும் அழைத்துப் பேசவைக்கிறது. தவிர, யூதர்களே இல்லை என்பதும் இப்போது முழு உண்மையன்று. 2008இல் அன்றைய இளவரசர் சார்லஸ் திறந்துவைத்த யூதச் சமூக மையம் தெம்பெலுக்குப் பின்புறத்திலேயே இயங்குகிறது. பாட்டி யூதர் என்பதைப் பாட்டியின் இறுதிக்காலத்தில் அறிந்துகொண்ட பேரப்பிள்ளைகள் பலர் அங்கே வருகிறார்கள். இஸ்ரேல் அரசைப் பற்றி உங்களுக்கு எந்தக் கருத்து இருந்தாலும், அந்த அரசு உருவாவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த மண்ணில் வளர்ந்த பண்பாட்டைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்தே நினையுங்கள்.

நடைமுறைச் செய்திகள் சில. தொழுகைக்கூடத்துக்குள்ளும் கல்லறையிலும் ஆண்கள் தலையை மூட வேண்டும்; வாசலில் குல்லாய் தருவார்கள், சொந்தத் தொப்பியும் போதும். வழிபாடு நடக்கும்போது படம் எடுக்காதீர்கள். ரெமு கல்லறையில் உடைந்த கற்களைக் கோத்துக் கட்டிய சுவரைப் பாருங்கள். கல்லறைகளின் மேல் கூழாங்கற்கள் இருந்தால் அவை நினைவுக்காக வைக்கப்பட்டவை, எடுக்க வேண்டாம். சைவ உணவுக்காரர் என்றால், 'யூத உணவு' என்று பலகை வைத்த விடுதிகளில் பெரும்பாலானவை கோஷர் என்னும் யூத உணவு விதிப்படி நடப்பவை அல்ல என்பதையும், சோலெந்து என்னும் பயறுக் குழம்பில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். புதிய சதுக்கத்தின் நடுவில் இருக்கும் வட்டக் கட்டடத்தில் காளானும் பாலாடைக்கட்டியும் இட்டுச் சுட்ட நீள ரொட்டி கிடைக்கும். ஒருகாலத்தில் அக்கட்டடம் யூத முறைப்படி கோழி அறுக்கும் இடமாக இருந்தது.

வார இறுதி மட்டுமே உங்களுக்கு வாய்ப்பு என்பதால் கடைசியாக ஒன்று. வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு வரை யூதர்களின் ஓய்வுநாள். கிராக்கோவில் அந்தப் பருவத்தில் சூரியன் மறையவே ஒன்பது மணி நெருங்கிவிடும். ரெமு உள்ளிட்ட சில இடங்கள் சனிக்கிழமை மூடியிருக்கும். ஆகவே சனிக்கிழமைப் பகலை போட்கூஜே நடைக்கு வைத்துக்கொண்டு, ரெமுவையும் பழைய தொழுகைக்கூடத்தையும் ஞாயிறு காலைக்குத் தள்ளிவையுங்கள். பல ஆண்டுகளாக ஷெரோக்கா தெருவில் ஆயிரக்கணக்கானோர் நின்று கேட்கும் திறந்தவெளி நிறைவுக் கச்சேரி இவ்விழாவின் அடையாளமாக இருந்திருக்கிறது. உங்கள் ஆண்டில் அது உண்டா என்று பார்த்து, உண்டென்றால் வெகு முன்பே போய் இடம் பிடியுங்கள். திரையிடல் அரங்குகள் சிறியவை என்பதால், நிரல் வெளியான உடனே படத்துக்கான இருக்கையைப் பதிவுசெய்துவிட்டுப் பிறகு மற்றவற்றை யோசிக்கலாம்.